முதலாளியின் யானைக்கு என் மைகார்டில் தீனி

ஸ்டேரிங்_செலாயாங் | 23 அக்டோபர் 2025, இரவு 10.40

எல்லாருக்கும் பிந்திய தீபாவளி வாழ்த்து. முறுக்கு டப்பா காலியாகும் முன்னே ஒரு வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன்.

நான் கோலாலம்பூரில் ஒரு டத்தோவுக்கு, அதாவது பட்டம் வாங்கிய பெரிய மனிதருக்கு, கார் ஓட்டுகிறேன். ஆறு வருடம் ஆகிறது. கார் பெரிய எஸ்யூவி, 4.0 லிட்டர் வி8. நல்ல மனிதர், சம்பளம் ஒரு மாதம்கூட தள்ளிப் போனதில்லை. அதனால் அவர் பேரையும் கேட்காதீர்கள், கார் என்ன பிராண்டு என்றும் கேட்காதீர்கள்.

நேற்று என் சொந்தச் சின்னக் கார் மைவிக்கு எண்ணெய் (பெட்ரோல்) போடப் போனேன். மைகார்டை, அதாவது என் ஐசியை, அடையாள அட்டையைச் செருகினால், மாதம் 300 லிட்டர் மானிய விலை பெட்ரோல் தரும் புடி95 ஒதுக்கீடு முடிந்துவிட்டது என்று வருகிறது. 300 லிட்டரும் காலி. தேதி 22தான். வீட்டுக்காரி பக்கத்தில் இருந்தாள். "நம்ம மைவி எப்பங்க 300 லிட்டர் குடிச்சுது?" என்று கேட்டாள். குடித்தது மைவி இல்லை, டத்தோவின் யானை. முன்பெல்லாம் அதற்கு மானியமில்லாத ரோன்97 பெட்ரோல்தான் போடுவோம். புடி வந்த பிறகு, "95 போதும், உன் ஐசியைப் போட்டு ஊற்று" என்று சொல்லிவிட்டார். வாரத்துக்கு அறுபத்தைந்து, எழுபது லிட்டர். ரசீதைக் காட்டினால் ஆபீஸில் காசு கொடுத்துவிடுவார்கள். லிட்டர் 1.99 வெள்ளிக்கு (ரிங்கிட்) ரசீது, 1.99-க்குக் காசு. என் ஒதுக்கீடு கரைந்ததற்கு ரசீது ஏது?

மாதக் கடைசி வரை எனக்கு இன்னும் 45 லிட்டர் வேண்டும். மானியமில்லாமல் போட்டால் லிட்டருக்கு 61 சென் கூடுதல் என்று வைத்தாலும் 27 வெள்ளி 45 சென்தான். பெரிய காசு இல்லை. ஆனால் மனசு ஆறவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், இது காசு விஷயம் இல்லை. தீபாவளியன்று டத்தோ ஏழு வீட்டுத் திறந்த இல்ல உபசரிப்புக்குப் போனார். எந்த வாசலிலும் எஞ்சினை அணைக்கக்கூடாது. வெயிலில் தோல் இருக்கை சுட்டுவிடுமாம். யாரும் உட்காராத இருக்கைக்கு ஏர்கோன்! நான் வெளியே மரத்தடியில் நின்றேன். வீட்டுக்கு வந்து மீட்டரைப் பார்த்தால், நின்ற இடத்தில் ஓடியது மட்டும் நாலு மணி நேரம். என் கணக்குக்கு ஒன்பது லிட்டர். மைவியாக இருந்தால் அதில் ஈப்போவையே தொட்டிருப்பேன், கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றுச்சூழல், பசுமை என்று ஊரே பேசுகிற காலத்தில் இப்படிக் குடிக்கிற கார் யாருக்காக? கோபப்படாமல் பேசலாம்.

---

செந்தூல்_மணி | 23 அக்டோபர், இரவு 11.05

அண்ணே, எங்களை மாதிரி இ-ஹெய்லிங் (ஆப் டாக்சி) ஓட்டுகிறவர்களுக்கு மாதம் 800 லிட்டர் வரை உண்டு. பேசாமல் டத்தோவை ஆப்பில் பதிவுசெய்து நாலு பயணி ஏற்றிவிடுங்கள் 😄

---

பழைய_வி8 | 23 அக்டோபர், இரவு 11.48

என் பேரைப் பார்த்தாலே எந்தப் பக்கம் பேசுவேன் என்று தெரியும். அடிக்க வருகிறவர்கள் வரிசையில் வரவும்.

என்னிடம் 1999-ஆம் வருட பிஎம்டபிள்யூ 540ஐ இருக்கிறது. 4.4 லிட்டர் வி8. ஞாயிறு காலை ஆறரைக்கு எடுப்பேன், காராக் ஹைவேயில் கெந்திங் செம்பா வரை போய் ஒரு தே தாரிக், திரும்பி வந்து உறை போட்டு மூடிவிடுவேன். வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர் தாண்டாது. நூறு கிலோமீட்டருக்கு 18 லிட்டர் குடிக்கிறது என்று வைத்தாலும் மொத்தம் 540 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டைஆக்சைடு. ஆக வருடத்துக்கு ஒன்றேகால் டன்.

ரவாங்கிலிருந்து தினமும் கோலாலம்பூருக்கு வேலைக்கு வருகிற ஒருவரை எடுங்கள். போக வர 70 கிலோமீட்டர், 250 நாள், நூறுக்கு 7 லிட்டர் குடிக்கிற சின்ன கார். 1,225 லிட்டர், கிட்டத்தட்ட 2.8 டன். இப்போது யார் வில்லன்?

எஞ்சின் பெரிதா சிறிதா என்று புகைக்குத் தெரியாது. எத்தனை லிட்டர் எரிந்தது என்பதுதான் அதற்குக் கணக்கு.

---

நிபோங்_திபால்_டீச்சர் | 24 அக்டோபர், காலை 6.20

தம்பி பழைய_வி8, கணக்கு சரிதான். ஆனால் ரவாங்காரர் சம்பாதிக்க எரிக்கிறார், நீங்கள் தே தாரிக் குடிக்க எரிக்கிறீர்கள். இரண்டையும் ஒரே தராசில் போடுவது நியாயமா?

சரி, தே தாரிக்கை விடுங்கள், அது உங்கள் ஞாயிற்றுக்கிழமை. ஸ்டேரிங் தம்பியின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதம் 280 லிட்டர், வருடத்துக்கு 3,360. ஏழே முக்கால் டன் வருகிறது. ஒரே மனிதர், பின்சீட்டில். கூடவே யாரும் உட்காராத ஒரு இருக்கை.

---

பாலாகோங்_போமன் | 24 அக்டோபர், பிற்பகல் 1.15

சாப்பாட்டு நேரம், கை கழுவிவிட்டுத்தான் தட்டுகிறேன். முப்பது வருடமாகக் கண்டத்துக் கார்களை, அதாவது ஐரோப்பியக் கார்களை, ரிப்பேர் செய்வதுதான் என் பிழைப்பு. குடிக்கிற கார் இல்லாவிட்டால் என் வீட்டு அடுப்பு எரியாது. அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் நம்பலாம்.

பழைய_வி8 தம்பி தன் கதையில் பாதியை மறைத்துவிட்டார். தம்பி, ரோட் டாக்ஸ் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று சொல்லுங்கள். சரி, நானே சொல்கிறேன். செலூன் (செடான்) கார், 4,398 சிசி. 3,000 சிசி வரை 2,130 வெள்ளி, அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 4.50. ஆக 8,421 வெள்ளி. ஒவ்வொரு வருடமும். அந்தக் கார் இன்று சந்தையில் இருபத்தைந்தாயிரத்துக்குக் கிடைக்கும். மூன்று வருட ரோட் டாக்ஸில் இன்னொரு கார் வாங்கிவிடலாம்.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். அதே எஞ்சினை, திருகாணி மாறாமல், அந்தக் காலத்து எக்ஸ்5 எஸ்யூவியிலும் போட்டார்கள். 540-ஐவிட நல்ல கனமான கார், நெஞ்சை நிமிர்த்திக் காற்றைத் தள்ளிக்கொண்டு போகிற உடம்பு. இன்னும் அதிகம்தான் குடிக்கும். அதன் ரோட் டாக்ஸ்? எஸ்யூவி, எம்பிவி எல்லாம் செலூன் கணக்கில் வராது. 3,000 சிசி வரை 1,280, அதற்கு மேல் சிசிக்கு 1.60. மொத்தம் 3,516 வெள்ளி 80 சென். ஒரே எஞ்சின், அதிகமாகக் குடிக்கிறதற்குப் பாதிக்கும் குறைவான வரி!

இது தீபகற்பத்தில் தனியார் பேரில் பதிந்த காருக்கு. சபா, சரவாக்கில் கணக்கு வேறு.

ஆக ஸ்டேரிங் தம்பி, உங்கள் டத்தோ 4.0 வி8-க்கு 2,900-க்குள்தான் கட்டுவார். வாரம் ஒருநாள் வெளியே எடுக்கிற 540-காரர் 8,421. இதுதான் நம் ஊர் தராசு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இப்போதெல்லாம் 2.0 லிட்டர் டர்போ எஞ்சினை வைத்து 250 குதிரைச் சக்தி எடுத்துவிடுகிறார்கள். 1,998 சிசி, ரோட் டாக்ஸ் 379 வெள்ளி. மிதித்தால் அதுவும் குடிக்கும், நன்றாகவே குடிக்கும். சிசி என்பது பானையின் அளவு மட்டும்தான். எத்தனை தடவை சோறு வடித்தீர்கள் என்று சாலைப் போக்குவரத்து இலாகா ஜேபிஜே கேட்பதில்லை.

வாடிக்கையாளர் வந்துவிட்டார், பிறகு வருகிறேன்.

---

பங்சார்வாசி | 24 அக்டோபர், இரவு 9.30

இந்த இழையில் சுற்றுச்சூழலைவிடப் பொறாமைதான் அதிகம் மணக்கிறது, மன்னிக்கவும்.

வெளிநாட்டுக் கார் வாங்குகிறவன் எவ்வளவு கட்டுகிறான் தெரியுமா? இறக்குமதி வரி 30 விழுக்காடு வரை. அதற்கு மேல் கலால் வரி 60-இலிருந்து 105 விழுக்காடு. பிறகு விற்பனை வரி. காரின் பாதி விலை அரசாங்கத்துக்குப் போகிறது. புடியில் எனக்குக் கிடைப்பது அதிகபட்சம் மாதம் 183 வெள்ளி. நான் கட்டிய வரியில் எத்தனை பேருடைய 183 அடங்கும் என்று டீச்சரே கணக்குப் போடட்டும்.

தவிர, 1.99 எல்லாக் குடிமக்களுக்கும் என்று சொன்னது அரசாங்கம். நான் கேட்டு வாங்கவில்லை.

---

நிபோங்_திபால்_டீச்சர் | 24 அக்டோபர், இரவு 10.12

ஐயா, போட்டுவிட்டேன். நீங்கள் சொல்வது வாங்கும்போது ஒரே ஒரு முறை கட்டுவது. அதன் பிறகு பத்து வருடம் எரிப்பதற்கு வரி உண்டா? உலகத்தில் பெரும்பாலான நாடுகள் பெட்ரோலுக்கு வரி போடுகின்றன. நாம் கையிலிருந்து காசு கொடுத்து எரிக்கச் சொல்கிறோம். நுழைவுக் கட்டணம் அதிகம் வாங்கிவிட்டு உள்ளே பந்தி இலவசம் என்றால், யார் அதிகம் சாப்பிடுவார்கள்? பெரிய வயிறுதான்.

பொறாமையும் கொஞ்சம் இருக்கலாம், மறுக்கவில்லை. என் கார் பதினாலு வருடப் பழசு.

---

பாயான்_லெப்பாஸ்_பையன் | 25 அக்டோபர், காலை 11.00

போமன் அண்ணன் சொன்ன எஸ்யூவி ஓட்டை நம் ஊரில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1978-லேயே எண்ணெய் குடிக்கிற கார்களுக்கென்று தனி வரி கொண்டுவந்தார்கள். கேலனுக்கு 22.5 மைலுக்குக் கீழே போனால் வரி. நம் கணக்கில் நூறு கிலோமீட்டருக்குச் சுமார் பத்தரை லிட்டர். ஆயிரம் டாலரில் தொடங்கி 7,700 வரை போகும். கேட்க நன்றாக இருக்கிறதா? அது பயணிகள் காருக்கு மட்டும். எஸ்யூவி, பிக்கப் எல்லாம் விலக்கு. அன்றைக்கு அவை வேலைக்காரர்களின் வண்டி என்று நினைத்தார்கள். பிறகு ஊரே எஸ்யூவிக்கு மாறியது, சட்டம் அங்கேயே நின்றது.

2023-இல் உலகத்தில் விற்ற கார்களில் 48 விழுக்காடு எஸ்யூவி என்று சர்வதேச எரிசக்தி முகமை சொல்கிறது. எல்லா எஸ்யூவிகளையும் சேர்த்து ஒரு நாடு என்று வைத்தால், கார்பன் விடுவதில் அது உலகத்தின் ஐந்தாவது நாடாம்.

பாரிஸ்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 2024 பிப்ரவரியில் வாக்கெடுப்பு வைத்து, அக்டோபரிலிருந்து 1.6 டன்னுக்கு மேற்பட்ட வெளியூர் கார்களுக்கு நகர மையத்தில் பார்க்கிங் மணிக்கு 18 யூரோ. மின்கார் என்றால் 2 டன் வரை விட்டுவிடுகிறார்கள். எடைக்கு வரி. இதை புக்கிட் பிந்தாங்கில் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

என்னிடம் மின்கார் இருக்கிறது. தெரிந்தே சொல்கிறேன், நானும் உத்தமன் இல்லை. நம் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலும் எரிவாயுவிலும்தான் வருகிறது. குழாய்ப் புகை என் காரில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது. ஆனாலும் அதே தூரத்துக்குப் பெட்ரோல் காரைவிடக் குறைவுதான்.

---

செந்தூல்_மணி | 25 அக்டோபர், காலை 11.20

தம்பி, எங்கே சார்ஜ் போடுகிறீர்கள்? நான் கேட்பது நிஜமாகவே தெரிந்துகொள்ள.

---

பாயான்_லெப்பாஸ்_பையன் | 25 அக்டோபர், காலை 11.41

அதுதான் அண்ணே சோகம். கொண்டோவில் சார்ஜர் போட ஒரு வருடமாகக் கேட்கிறேன். "அடுத்த கூட்டத்தில் பேசலாம்" என்கிறார்கள். அடுத்த கூட்டம் வருகிறது, அதில் நீச்சல்குளத்து ஓடு பற்றிப் பேசுகிறார்கள். வாரத்துக்கு இரண்டு முறை ஒரு பேரங்காடிக்குப் போய், சார்ஜ் ஏறுகிற நேரத்துக்கு நாசி கண்டார் சாப்பிடுகிறேன். காருக்கு ஏறுகிறதோ இல்லையோ எனக்கு நாலு கிலோ ஏறிவிட்டது.

வாங்க நினைத்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். முழுதாக இறக்குமதியாகும் மின்காருக்கான வரிவிலக்கு 2025 டிசம்பர் 31-உடன் முடிகிறது. இங்கேயே பொருத்துகிறவற்றுக்கு 2027 கடைசி வரை உண்டு. ரோட் டாக்ஸும் 2026 ஜனவரியிலிருந்து மோட்டாரின் கிலோவாட்டுக்குத் தக்கபடி வரும். இதுவரை சும்மா இருந்தது.

---

பழைய_வி8 | 25 அக்டோபர், பிற்பகல் 3.02

மின்கார் என்றதும் ஞாபகம் வந்தது. எண்ணெய் குடிக்கிற காருக்கே அடையாளமாக இருந்த ஹம்மர் 2010-இல் மூடுவிழா கண்டது. இப்போது மின்காராக மறுபிறவி எடுத்திருக்கிறது, எடை நாலு டன்னுக்கு மேல். நாலு டன்! அதன் பாட்டரி எடைக்குள் ஒரு முழு மைவி அடங்கிவிடும். அதை நகர்த்தவும் மின்சாரம், செய்யவும் இரும்பு, அலுமினியம், லித்தியம். குழாயை எடுத்துவிட்டால் யானை ஆடாகிவிடுமா?

ரோல்ஸ் ராய்ஸும் ஸ்பெக்டர் என்று மின்கார் விடுகிறது. பென்ட்லி 12 சிலிண்டர் எஞ்சினை 2024-இல் நிறுத்திவிட்டது. ஃபெராரியோ அதே வருடம் 6.5 லிட்டர் வி12-ஐப் புதிதாக இறக்கி, காருக்கே "பன்னிரண்டு சிலிண்டர்" என்று இத்தாலியில் பேர் வைத்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, எந்தக் காரணத்துக்கு என்று சொல்லமாட்டேன்.

என் 540-ஐப் பற்றி ஒன்று. அது செய்து 26 வருடம் ஆகிவிட்டது. அதைச் செய்ய எரிந்ததெல்லாம் எப்போதோ எரிந்து முடிந்தது. அதை அடித்து நொறுக்கிவிட்டுப் புதுக் கார் வாங்கினால்தான் பசுமையா?

---

ஸ்ரீமூடா_வாசி | 25 அக்டோபர், இரவு 8.50

நான் சும்மா படித்துக்கொண்டுதான் இருந்தேன்.

2021 டிசம்பர் 18, ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா குடியிருப்பில் வெள்ளம். தண்ணீர் முதலில் வாசலில் நின்றது, பிறகு சாப்பாட்டு மேசைக்கு வந்தது. நாங்கள் மாடியில் இருந்தோம். கீழே எங்கள் சாகா கார் நின்றது, இன்னும் எட்டு மாதத் தவணை பாக்கி. தண்ணீருக்குள் அதன் ஹார்ன் தானாக அடிக்கத் தொடங்கியது. பாட்டரி தீரும் வரை, ராத்திரி முழுக்க. எங்கள் வரிசையில் ஒவ்வொரு காராக அப்படிக் கத்தி ஓய்ந்தது. என் பெண் காதைப் பொத்திக்கொண்டு தூங்கினாள். இப்போதும் ஹார்ன் நீளமாக அடித்தால் முகம் மாறிவிடும்.

யாருடைய வி8-ஆலும் அந்த மழை பெய்தது என்று நான் சொல்லவில்லை. வடிகால், ஆறு, மண்ணை வெட்டியது எல்லாம் சேர்ந்துதான். ஆனால் பூமி சூடாகச் சூடாகக் காற்று அதிக ஈரத்தைச் சுமக்கிறது, கொட்டும்போது மொத்தமாகக் கொட்டுகிறது. இதை இப்போது என் பெண் பள்ளியில் படித்துவிட்டு எனக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.

தண்ணீர் வடிந்த பிறகு எங்கள் தாமானில் செத்துக் கிடந்தவை எல்லாம் சாகா, மைவி, விரா, கஞ்சில். ஒரு வி8-கூட இல்லை. அவர்கள் மேட்டில் இருக்கிறார்கள்.

---

பழைய_வி8 | 25 அக்டோபர், இரவு 9.37

அண்ணே, இதற்கு என்னிடம் பதில் இல்லை.

---

பாலாகோங்_போமன் | 26 அக்டோபர், காலை 9.10

அந்த வாரம் என் பட்டறைக்கு வந்த கார்களின் நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. சேறு காய்ந்து இருக்கைத் துணி அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். ஏர் ஃபில்டரைத் திறந்தால் ஒரு கை மண். பாதிக்கு மேல் "இதை விற்றுவிடுங்கள்" என்றுதான் சொல்ல முடிந்தது.

ஸ்டேரிங் தம்பிக்கு ஒரு விஷயம். நின்றபடி ஓடவிடுகிறீர்களே, அது எண்ணெயை மட்டும் குடிக்கவில்லை, எஞ்சினையும் தின்கிறது. இந்தப் புது எஞ்சின்களில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் தெளிக்கிறது. முன்பு மாதிரி இன்டேக் வால்வு வழியாகக் கழுவிக்கொண்டு போவதில்லை. அதனால் வால்வின் முதுகில் கரி ஒட்டும். ஹைவேயில் ஓடுகிற காரில் மெல்லச் சேரும். நின்று நின்று ஓடுகிற காரில் பலாக்காய்த் தோல் மாதிரி அடையாகப் பிடித்துவிடும். போன மாதம் ஒன்றைத் திறந்தேன். மீட்டரில் 58,000 கிலோமீட்டர்தான். கரியைப் பார்த்தால் அதைப்போல இரண்டு மடங்கு ஓடிய எஞ்சின். "டிரைவர் சரியில்லை" என்று கத்திவிட்டுப் போனார் முதலாளி. டிரைவர் பாவம், ஓரமாக நின்று என்னைப் பார்த்தான். அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், யார் அணைக்க வேண்டாம் என்றது என்று.

வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றோடு பீய்ச்சித்தான் அந்தக் கரியைச் சுரண்டவேண்டும். பில்லைப் பார்த்தால் டத்தோ தோல் இருக்கையை மறந்துவிடுவார். இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். பூமியைச் சொல்லவேண்டாம், பில்லைச் சொல்லுங்கள்.

---

நிபோங்_திபால்_டீச்சர் | 26 அக்டோபர், காலை 10.25

நேற்றிலிருந்து ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஸ்டேரிங் தம்பி, டத்தோவும் மலேசியக் குடிமகன்தானே? அவர் மைகார்டிலும் மாதம் 300 லிட்டர் சும்மா கிடக்குமே! யானை அவருடையது, தீனியும் அவர் கணக்கில் போகட்டுமே.

---

செந்தூல்_மணி | 26 அக்டோபர், காலை 10.31

டீச்சர் டீச்சர்தான் 👏

ஆனால் அண்ணே, அவர் ஐசியை வாங்கிக்கொண்டு நீங்கள் போய்ச் செருகாதீர்கள். அடுத்தவர் மைகார்டைப் பயன்படுத்தினால் வம்பு. டத்தோவே இறங்கி வரவேண்டும்.

---

பங்சார்வாசி | 26 அக்டோபர், பிற்பகல் 12.40

டிரைவரின் ஒதுக்கீட்டில் எண்ணெய் போடுவது தவறு. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. போமன் சொன்ன ரோட் டாக்ஸ் கணக்கும் நான் யோசித்துப் பார்க்காதது. என்னுடையதும் எஸ்யூவிதான். சரி பார்த்தேன், அவர் சொன்ன எண்தான் வருகிறது.

---

நெறியாளர் | 26 அக்டோபர், பிற்பகல் 2.00

ஒருவர் ஹோட்டல் வாசலில் நின்ற கார்களைப் படமெடுத்து நம்பர் பிளேட்டோடு இங்கே போட்டிருந்தார். நீக்கிவிட்டேன். கருத்தைத் தாக்கலாம், ஆளைத் தேடிப் போகவேண்டாம்.

---

ஸ்டேரிங்_செலாயாங் | 28 அக்டோபர், இரவு 11.15

போமன் அண்ணன் சொன்னதை மெல்லச் செய்து பார்த்தேன். இரண்டு நாளாக, டத்தோ மீட்டிங்கில் இருக்கும்போது பேஸ்மெண்டில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டேன். அவர் லிஃப்டில் ஏறும்போது அவருடைய உதவியாளர் பொண்ணு எனக்கு வாட்சாப்பில் ஒரு புள்ளி அனுப்பும். வெறும் புள்ளி. உடனே எடுத்து ஏர்கோனைப் போட்டுவிடுவேன். அவர் வரும்போது இருக்கை குளுகுளு. ஒரு வார்த்தை கேட்கவில்லை, தெரியவும் இல்லை. ஆறு வருடமாக இதைச் செய்யாமல் இருந்தேனே என்று என்னைத்தான் திட்டிக்கொண்டேன்.

ஐசி விஷயம் இன்னும் கேட்கவில்லை. கேட்க ஒரு நேரம் வரவேண்டும். பங்குச்சந்தை இறங்கின நாளில் கேட்கமாட்டேன்.

---

பாயான்_லெப்பாஸ்_பையன் | 28 அக்டோபர், இரவு 11.32

அந்தப் புள்ளிக்கு ஒரு சிலை வைக்கலாம்.

---

நிபோங்_திபால்_டீச்சர் | 29 அக்டோபர், காலை 6.15

இதற்கிடையில் எங்கள் பக்கத்தையும் ஒரு வரி நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அங்கே கோலாலம்பூரில் ஐம்பது வெள்ளிக்கு மாத பாஸ் எடுத்தால் ரயில், பஸ் எல்லாம் ஏறலாம். பினாங்கில் முத்தியாரா எல்ஆர்டி (இலகு ரயில்) வேலை 2025-இல்தான் தொடங்கியது. பெருநிலத்தில் இருக்கிற எங்களுக்குக் கார் இல்லாவிட்டால் காலை ஏழரைக்குப் பள்ளி இல்லை. பெரிய காரை எதிர்க்கிற வேகத்தில் எல்லாக் காரையும் சேர்த்துத் திட்டுகிறவர்களைப் பார்க்கிறேன், அதனால் சொன்னேன்.

---

ஸ்டேரிங்_செலாயாங் | 7 நவம்பர் 2025, இரவு 10.05

கேட்டுவிட்டேன்.

இன்று காலை நல்ல குணத்தில் இருந்தார். போமன் அண்ணன் சொன்னபடி கரி, வால்நட் ஓடு, பில் என்று ஆரம்பித்தேன். அப்படியே, "டத்தோ, உங்கள் ஐசியிலும் 300 லிட்டர் இருக்கிறது, ஒருநாள் நீங்கள் இறங்கினால் போதும்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இவ்வளவு நாளாக உன்னுடையதிலா போட்டாய்?" என்றார். அவர்தான் போடச் சொன்னார். ஆனால் நிஜமாகவே மறந்திருந்தார், முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

ஜாலான் ஈப்போ ஸ்டேசனில் நிறுத்தினேன். டத்தோ இறங்கினார். பட்டிக் சட்டை, பளபள சப்பாத்து, பம்புக்கும் கடைக்கும் நடுவில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார். முன்னால் ஒரு மோட்டார்சைக்கிள் பையன் அஞ்சு வெள்ளிக்குப் போட்டுக்கொண்டிருந்தான், வணக்கம் வைத்தான். மைகார்டை எந்தப் பக்கம் திருப்பிச் செருகுவது என்று நான்தான் காட்டினேன்.

தகுதியில்லை என்று வந்தது.

மறுபடி செருகினார். மறுபடியும் அதேதான். "எனக்கா?" என்று என்னைப் பார்த்தார். எனக்கும் புரியவில்லை. கவுண்டரில் இருந்த பொண்ணுதான், "லைசென்ஸ் உயிரோடு இருக்கா, டத்தோ?" என்று கேட்டாள். பர்ஸைத் தேடி எடுத்தார். 2019-லேயே முடிந்துவிட்டது. நான் வேலைக்கு வந்த வருடம்.

மானியமில்லாத விலையில், சொந்தக் காசில், 71 லிட்டர் போட்டோம். நம்பர் ஓடுவதைக் கடைசி வரை நின்று பார்த்தார். "போன வாரம்தானே நிரப்பினோம்?" என்றார்.

"அதற்கு முந்தின வாரமும், டத்தோ" என்றேன்.

---

பாலாகோங்_போமன் | 7 நவம்பர், இரவு 10.21

லைசென்ஸ் செத்து மூன்று வருடம் தாண்டினால் சும்மா புதுப்பிக்க முடியாது தம்பி, முதலிலிருந்து சோதனை எழுதவேண்டும். எல் ஒட்டிய வி8-ஐ இந்த ஊர் இன்னும் பார்த்ததில்லை. பட்டறைக்கு வரும்போது ஒரு போன் போடுங்கள்.